கடைசி நாளில் தெரிந்த கடல்

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவள் நான். போன விடுமுறையில் குடும்பத்தோடு 7 இரவு கப்பல் பயணம் போய்வந்தோம். நான், கணவர், 15 வயது மகள், 8 வயது மகன், 71 வயதில் மாமியார். ஆறு நாள் அருமையாகப் போனது. ஏழாவது நாள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கப்பல் கடலிலேயே ஓடும் நாள். அதைத்தான் கெடுத்துக்கொண்டோம். எழுந்ததிலிருந்து நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கணவர் அலுவலக மெயிலைத் திறந்தவர் மூடவே இல்லை. “கடைசி நாள், எல்லாரும் ஒண்ணா இருப்போம்” என்று மூன்று முறை கூப்பிட்டேன், மூன்றும் சண்டையில் முடிந்தன. மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் அத்தையைக் காணோம். தேடிப்போனால் பின்பக்க டெக்கில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து அங்கேதானாம். “இன்னிக்குத்தாம்மா கடலையே பார்த்தேன்” என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். இந்த முறையும் கடைசி நாள் முழுக்கக் கடல்தான். அந்த நாளை என்ன செய்வது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். என்னை நினைத்துத்தான் சிரித்தேன். எங்கள் முதல் கப்பல் பயணத்தின் கடைசி நாளில் நானும் இப்படித்தான் விழுந்து விழுந்து பெட்டி கட்டினேன். இரவு பத்தரை மணிக்கு எல்லாப் பெட்டிக்கும் டேக் மாட்டி, கேபின் வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று படுத்தேன். காலையில் பார்த்தால் என்னிடம் மிச்சம் இருந்தது தூங்கும்போது போட்டிருந்த கோடு போட்ட அரைக்கால் சட்டையும், முந்தின இரவு விருந்துக்குப் போட்ட கோட்டும்தான். பேன்ட் அத்தனையும் பெட்டியோடு போய்விட்டது. அந்தக் கோலத்தில்தான் குடியேற்ற அதிகாரியின் முன்னால் நின்றேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல.

ஆகவே பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பெரிய கப்பலில் மூவாயிரம், நாலாயிரம் பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் ஆளுக்கொரு பெட்டியோடு காலையில் லிஃப்ட் வாசலுக்கு வந்தால் மதியம் வரை யாரும் இறங்க முடியாது. அதனால் பணியாளர்கள் இரவோடிரவாகப் பெட்டிகளை அள்ளிப்போய், டேக்கின் நிறத்தையோ எண்ணையோ பார்த்துப் பிரித்து, மறுநாள் துறைமுகக் கட்டடத்தில் நமக்காக அடுக்கிவைக்கிறார்கள். இதற்கான கெடு பெரும்பாலும் இரவு பத்து, பதினொன்று. அதற்குப் போய்க் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்தால் எப்படி? கடைசி நாளுக்கு முந்தின இரவே அழுக்குத் துணியை எல்லாம் பெட்டியில் திணித்துவிடுங்கள். திணித்தால் போதும், துவைக்கப்போகிற துணிக்கு மடிப்பு எதற்கு? அப்புறம் மிஞ்சுவது அரைமணி வேலை. மறுநாளுக்கான உடுப்பு, பாஸ்போர்ட், சார்ஜர், மாத்திரை நான்கும் கைப்பையில் இருக்கட்டும். அத்தையின் மாத்திரையை நீங்களே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள். நம் பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கலாம் என்று ஒரு வழியும் தருவார்கள். 71 வயதும் 8 வயதும் கூட இருக்கும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

கப்பலில் ஆன செலவுக் கணக்கையும் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். எங்கள் கணக்கில் ஒருமுறை நாங்கள் குடிக்காத இரண்டு ஜூஸ் ஏறியிருந்தது. கேட்டதும் எடுத்துவிட்டார்கள். அதையே நான் கடைசி இரவில் போய்க் கேட்டதால், இரண்டு ஜூஸுக்காக ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்றேன்.

சரி, சண்டைக்கு வருகிறேன். ஆறு நாளாக நீங்கள் ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில், கைவீசி நடக்க இடமில்லாத கேபினில் இருந்திருக்கிறீர்கள். ஏழாம் நாள் உங்கள் மகளுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் தனிமை. உங்களுக்குமே அதுதான் வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘எல்லாரும் ஒன்றாக’ என்பது துறைமுக நாட்களுக்குச் சரி, அங்கே ஆளைத் தொலைத்துவிட்டால் வம்பு. கடல் நாளில் யாரும் எங்கேயும் போய்விட முடியாது. ஆகவே மகளைப் பதினொரு மணி வரை தூங்க விடுங்கள். எழுந்தபின் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மூலையில் கிடந்தால் கிடக்கட்டும். கணவருக்குக் காலையில் ஒரு மணி நேரம் மெயில் பார்க்க நீங்களே கொடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு போன் உங்கள் பைக்குள். முழுக்கத் தடுத்தால் அந்த மனிதர் நாள் பூராவும் உள்ளுக்குள்ளேயே மெயில் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதிதான். ஐந்து பேரும் கூடுவதற்குச் சூரியன் மறைகிற நேரம் ஒன்று போதும். அதற்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இனி உங்கள் அத்தை. அவர் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். கப்பலில் போகிறவர்கள் கடலைப் பார்ப்பதில்லை. துறைமுக நாட்களில் இறங்குவதும் ஏறுவதுமாக நேரம் ஓடிவிடும். மற்ற நேரம் நீச்சல்குளம், மேடை நிகழ்ச்சி, பஃபே, மறுபடியும் பஃபே. கடல் ஜன்னலுக்கு வெளியே சுவர்த்தாள் மாதிரி இருக்கும். போகும் வழியில் வேறெதுவும் இல்லாத அந்த ஒரு நாளில்தான் அது கண்ணில் படுகிறது. அத்தை அதைப் பிடித்துக்கொண்டார், நாமெல்லாம் அன்றைக்கு ஜிப் மூட முடியாத பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம்.

அவர் உட்கார்ந்த இடமும் சரியான இடம். கப்பல் 20 நாட் வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளிலும் முன்பக்கம் நிற்பவர் முகத்தில் அந்த வேகத்தில் காற்று அறையும். பின்பக்கத்தில் கப்பலின் உடம்பே அதைப் பெரும்பாலும் மறைத்துக்கொள்ளும். அங்கிருந்து பார்த்தால் கப்பல் விட்டுப்போகும் தடம் தெரியும். கிட்டத்தில் வெளிர்நீலமாக நுரை கொதிக்கும். தள்ளிப் போகப் போக அது அடங்கி, எண்ணெய் தடவினாற்போல வழவழப்பான ஒரு பாதையாகித் தொடுவானம் வரை நீளும். அந்தப் பாதை எங்காவது வளைந்திருந்தால், கப்பல் அந்த இடத்தில் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். தடத்தின் இருபுறமும் அலைகள் ஆப்பு போல விரியும். ஆழமான தண்ணீரில் அந்த ஆப்பின் கோணம் கிட்டத்தட்ட 39 பாகை. குளத்தில் நீந்தும் வாத்துக்கும் அதே 39தான். இந்தக் கணக்கைக் கெல்வின் என்ற இயற்பியலாளர் 1887இல் போட்டுக் காட்டினார். அதைப் படித்த நாளிலிருந்து எவ்வளவு பெரிய கப்பலைப் பார்த்தாலும் எனக்கு ஒரு வாத்து ஞாபகம் வந்துவிடுகிறது. உங்கள் பையனிடம் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.

அத்தை அப்படி ஆறேழு மணி நேரம் என்னதான் பார்த்தார் என்று நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. இந்த முறை பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். பேச வேண்டும் என்றில்லை. வெப்பமான கடலாக இருந்தால் கப்பலுக்குப் பயந்து கோலா மீன்கள் தண்ணீரிலிருந்து எழும்பி, சிறகு விரித்துச் சறுக்கிப் போய் விழுவதைப் பார்க்கலாம். அதற்குப் பக்கவாட்டு டெக் இன்னும் நல்லது. ஒன்றுமே வராமலும் போகலாம், அதற்கும் தயாராகத்தான் உட்கார வேண்டும்.

இப்போது விளையாட்டு. கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டரில் இருக்கிறது. நீர்மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேல் டெக்கில் நின்றால் அது 22 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். உயரம் கூடக் கூட உலகத்தின் வளைவுக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஆகவே கீழே நிற்பவருக்குச் சூரியன் மறைந்த பிறகும் மேலே நிற்பவருக்கு அது மிச்சம் இருக்கும். கீழ் நடை டெக்குக்கும் மேல் டெக்குக்கும் சுமார் 20 நொடி வித்தியாசம் வரும். இரண்டு போனிலும் கடிகாரம் நொடி சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு, மகளை மேலே அனுப்புங்கள், மகனைக் கீழே நிறுத்துங்கள். அதற்கு முன், கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கு நோக்கிப் போனால் மேற்கு இடப்பக்கம், தெற்கென்றால் வலப்பக்கம். சூரியனின் கடைசிக் கீற்று மட்டும் இருக்கும்போது பார்த்தால் போதும், முன்பே வெறித்தால் கண்ணுக்கு ஆகாது.

நாங்கள் செய்தபோது 17 நொடி வந்தது. என் மகன் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா தனக்கு 17 நொடி அதிகமாக விடுமுறை எடுத்துக்கொண்டாள் என்று ராத்திரி சாப்பாடு வரை புலம்பினான். நீங்கள் மூன்று முறை கூப்பிட்டும் நடக்காதது இதில் நடக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே திசையைப் பார்ப்பார்கள், யாரும் யாரையும் கூப்பிடாமல். மேகம் மறைத்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

கேபினைப் பார்த்துக்கொண்ட பணியாளருக்கு அன்றைக்கே நன்றி சொல்லிவிடுங்கள். மறுநாள் காலை அவருக்கு நிமிர நேரம் இருக்காது. நாம் காலையில் இறங்க, மதியமே அடுத்த கூட்டம் ஏறத் தொடங்கும். இடையில் இருக்கும் சில மணி நேரத்தில் எல்லாக் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றி, எல்லாக் குளியலறையும் கழுவியாக வேண்டும். எங்கள் கேபின்காரர் தினமும் துண்டை மடித்துக் குரங்கு, யானை என்று செய்து கட்டிலில் வைப்பார். கடைசி இரவு என் மகன் தானே ஒரு துண்டை மடித்து அவருக்காக எதையோ செய்து வைத்தான். அது என்ன மிருகம் என்று எங்களுக்கே தெரியவில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு “நண்டா?” என்றார். அவனும் ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

இன்னொன்று. இறங்கிய பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவது போல இருக்கலாம். ஆட்டத்துக்குப் பழகிய மூளைக்கு ஆடாத தரை புதிதாகப்படும், தானாகச் சரியாகிவிடும். அத்தைக்கு முன்பே சொல்லிவையுங்கள், பயந்துவிடப் போகிறார். குளியலறையில் ஒரு கை எதையாவது பிடித்தபடி இருக்கட்டும்.

கடைசி நாள் இரவோடு முடிந்துவிடுகிறது என்றும் நினைக்காதீர்கள். கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது, பெரும்பாலும் விடிவதற்கு முன்னால், அந்தத் துறைமுகத்தின் நீர்வழி தெரிந்த பைலட் ஒருவர் சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறுவார். படகின் உச்சியில் மேலே வெள்ளையும் கீழே சிவப்புமாக இரண்டு விளக்கு எரியும், இருட்டில் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். படகுக்கு அலை அடிக்காமல் கப்பல் சற்றே திரும்பி மறைவு கொடுக்கும். பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவு திறக்கும், கயிற்றேணி தொங்கும். கப்பலும் நிற்காது, படகும் நிற்காது. அந்த ஆள் படகின் விளிம்பில் நின்று, அலை மேலே தூக்கும் கணத்துக்குக் காத்திருந்து, ஏணியைப் பிடித்து ஏறி உள்ளே போய்விடுவார். படகு விலகித் திரும்பிப் போய்விடும். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்குமா? ஏழு நாளில் பணம் கொடுத்துப் பார்த்த எந்த நிகழ்ச்சியும் என் மகனுக்கு இப்போது ஞாபகம் இல்லை. இதை மட்டும் யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்கிறான்.

எந்தப் பக்கம், எத்தனை மணி என்று முந்தின நாள் வரவேற்பு மேசையில் கேட்டுப் பாருங்கள், சொன்னாலும் சொல்வார்கள். பையனுக்கு அலாரம் வைத்துவிடுங்கள். அத்தைக்கு வேண்டாம், அவர் எப்படியும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொண்டுதான் இருப்பார்.

அன்புடன்