ஆலங்கட்டி மழையில் கூரை போனது, காசோலை மட்டும் ஏன் குறைவு?

காப்பீட்டு நிறுவனம் சேதத்தை 18,000 டாலர் என்று மதிப்பிட்டுவிட்டு 7,000 மட்டும் அனுப்பியிருந்தால் அது மறுப்பு இல்லை. பெரும்பாலும் முதல் தவணைதான். கூரையின் வயதுக்குத் தேய்மானமும் டிடக்டிபிளும் (நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கழித்திருப்பார்கள்.

பாலிசியின் டிக்ளரேஷன் பக்கத்தை, அதாவது சுருக்க விவரப் பக்கத்தைப் பாருங்கள். கூரைக்கு ‘ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்’ (புதிதாக மாற்றும் செலவு) என்றிருந்தால், வேலை முடிந்ததும் பில்லை அனுப்பித் தேய்மானத் தொகையை வாங்கலாம். கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். ‘ஆக்சுவல் கேஷ் வேல்யூ’ (தேய்மானம் போக மதிப்பு) என்றால் வந்தது அவ்வளவுதான்.

அப்புறம், ஆலங்கட்டி டிடக்டிபிள் 2 சதவீதம் என்றிருந்தால் அது கிளெய்மில் அல்ல, வீட்டின் காப்பீட்டுத் தொகையில். 3 லட்சம் டாலருக்கு 6,000. பலர் இடறுவது இங்கேதான்.

“டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று கதவைத் தட்டும் கூரைக்காரரிடம் மட்டும் சிக்காதீர்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் 2019 முதல் அப்படிச் செய்வது குற்றம். நீங்கள் டிடக்டிபிளைச் செலுத்தியதற்கு அத்தாட்சி கேட்க காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை உண்டு.