எதிர்ப்பு வருமென்று கூட்டத்தைக் கைவிடலாமா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் கடவுள் மறுப்பாளர் ஒருவரைப் பேச அழைத்திருக்கிறோம். பலர் மனம் புண்படும், கலவரம் வரும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். கூட்டத்தைக் கைவிடுவதுதானே முறை?
– வாசகர், குடியாத்தம்

பதில்: கைவிட வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்கு 19(2) பிரிவு வரம்பு விதிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலியவை அடங்கிய அந்தப் பட்டியலில், கேட்பவருக்கு ஏற்படும் சங்கடம் இடம்பெறவில்லை. மத உணர்வைப் புண்படுத்துவது குற்றமாவதற்கும், வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்யப்பட்ட அவமதிப்பாக அது இருக்க வேண்டும்.

இடஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப வழங்கியது. ஊர்வலம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்குவது மிரட்டுபவரிடம் சட்டத்தின் ஆட்சியை ஒப்படைப்பதாகும் என்றும், பாதுகாப்பது அரசின் கடமை என்றும் அத்தீர்ப்பு கூறியது. (கலவரம் வரும் என்று எச்சரிப்பவர்களே அதைச் செய்யப்போகிறவர்களா என்பதையும் விசாரியுங்கள்.)

பேச்சாளர் ஒரு சமூகத்தாரைத் தாக்கும்படி ஏவினால் தலைவர் உடனே நிறுத்தலாம். நம்பிக்கை தவறு என்று வாதிட்டால் கேட்கட்டும். அவர் கருத்தை மறுப்பவர்களுக்கும் அதே மேடையில், அதே அளவு நேரம் கொடுங்கள். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.