பறை மீது பழி போடாதீர்கள்

கேள்வி: ஒதுக்கப்பட்டவர்களை ஆங்கிலத்தில் ‘பரியா’ என்கிறார்களே, அது நம் சொல்லா? பறை அடித்ததால்தான் அந்த இழிவு வந்ததா? (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: நம் சொல்தான். ‘பறையர்’ என்ற சாதிப் பெயர் போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், விலக்கப்பட்ட எவருக்கும் பொதுப்பெயர் ஆனது. ஆனால் “பறை அடித்ததால்தான்” என்கிறீர்களே, அதை ஒப்பமாட்டேன்.

ஓசூரைத் தாண்டினால் இதே கருவிக்குக் கன்னடத்தில் ‘தமட்டெ’, தெலுங்கில் ‘தப்பு’. அடிப்பவர்களின் சாதிப் பெயரில் கருவியே கிடையாது. தீண்டாமை மட்டும் அங்கேயும் இருந்தது. இங்கேயோ அந்தப் பெயர் தாங்கியவர்களில் மிகப் பலர் வயலில் உழைத்தவர்கள், பறையைத் தொட்டே அறியாதவர்கள். தோல்தான் தீட்டு என்பீர்களா? மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. அதைச் சபாவுக்கு வெளியே யாரும் நிறுத்தவில்லையே!

தொல்காப்பியம் தெய்வம், உணவு, மரம், புள் என்று கருப்பொருள்களை அடுக்கும்போது பறையையும் அதே வரிசையில் வைக்கிறது. புறநானூற்று 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் இந்நான்கும் அல்லாமல் வேறு குடியே இல்லை என்கிறார். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார், தலை நிமிர்ந்து.

அடிப்பதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஒரு பறையைச் செய்து பார்க்கட்டும். வளைவாக அறுத்த மூன்று வேப்பமரத் துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்தால் வட்டச் சட்டம். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவி, எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பில் இழுத்து ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் தொய்ந்தால் நாதம் கெட்டது. இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. ஈரக்காற்றில் தோல் தளரும், அதனால் அடிக்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்சுவார்கள். காய்ச்சல் குறைந்தால் ‘பொத் பொத்’ என்று கேட்கும், மிஞ்சினால் தோல் வெடித்துவிடும். கண்ணால் பார்த்துப் பிடிபடாது, விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்டுத்தான் பதம் அறிய வேண்டும். இது வித்தை ஐயா!

இந்தச் சாக்கில் கட்டுரையாளர்களுக்கும் ஒன்று: உலக அரசியல் எழுதும்போது ‘பரியா நாடு’ என்று எழுதி அனுப்பாதீர்கள். ஒரு சமூகத்தின் பெயர் அது, வசவுச்சொல் அல்ல. ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்று திருத்தித்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.