கோடைக்கு ஓர் ஆயில், குளிருக்கு ஓர் ஆயில் தேவையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் பெட்ரோல் காருக்கு 5டபிள்யூ-30 ஆயில் ஊற்றுகிறோம். அக்னி நட்சத்திர வெயிலில் அது நீர்த்துவிடும், கோடை முடியும்வரை 20டபிள்யூ-50 ஊற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (வேலூர்)

பதில்: மாற்ற வேண்டாம். இரண்டாவது எண், ஆயில் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. என்ஜின் சூடேறிய பிறகு தெர்மோஸ்டாட், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பத்தை ஏறத்தாழ 90 டிகிரியில் நிறுத்தி வைப்பதால், வெளியே 28 டிகிரி இருந்தாலும் 42 டிகிரி இருந்தாலும் உள்ளே ஓடும் ஆயிலின் வெப்பத்தில் பெரிய வேறுபாடு வருவதில்லை. உங்கள் மெக்கானிக் சொல்வது, ஒரே எண் கொண்ட ஒற்றைத் தர ஆயில்கள் புழங்கிய காலத்து வழக்கம். அப்போது குளிருக்கு 30, கோடைக்கு 40 என்று மாற்றியதில் நியாயம் இருந்தது. இரண்டு எண்கள் கொண்ட இன்றைய பல்தர ஆயில்களில் சேர்க்கப்படும் பாலிமர்கள், சூடு ஏறும்போது ஆயில் அளவுக்கு மீறி நீர்த்துப்போகாமல் பார்த்துக்கொள்கின்றன.

மாற்றினால் என்ன கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். 100 டிகிரியில் 30 தர ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்க, 50 தரத்துக்கு அது 16.3 முதல் 21.9 வரை செல்கிறது. அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. நெருக்கமான இடைவெளிகளோடு வடிவமைக்கப்பட்ட இன்றைய என்ஜினில், அதிலும் வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் அமைப்பு இருந்தால், இவ்வளவு கெட்டியான ஆயில் காலையில் மேல்பாகங்களைச் சென்றடையத் தாமதமாகும். எரிபொருள் செலவும் கூடும். முழுச் சுமையோடு அடிக்கடி மலைப்பாதை ஏறுபவராக இருந்தால், உங்கள் கையேட்டின் வெப்பநிலை அட்டவணையில் 5டபிள்யூ-40 இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இருந்தால் அதை ஊற்றலாம்.

கேள்வி: பழைய டீசல் ஜீப்புக்கு 20டபிள்யூ-50 ஊற்றுகிறேன். ஜனவரி அதிகாலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஆயில்தான் காரணமா? (உதகமண்டலம்)

பதில்: ஆயில் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் முழுக் காரணமாக இருப்பது அரிது. முதல் எண் குளிரில் என்ஜின் சுழலும் எளிமையைச் சொல்கிறது. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். ஆகவே பூஜ்ஜியத்தை ஒட்டிய உதகைக் குளிரில் 20டபிள்யூ உறைந்துவிடாது; ஆனால் கெட்டித்தன்மை மிகுவதால் தளர்ந்த பேட்டரிக்குச் சுமை கூடும். முதலில் பேட்டரியையும் ஹீட்டர் பிளக்குகளையும் சோதியுங்கள். கையேடு அனுமதித்தால் 15டபிள்யூ-40க்கு மாறி, அதையே ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காருக்கு வாங்கிய சிந்தடிக் ஆயில் மீந்திருக்கிறது. பைக்குக்கு ஊற்றலாமா? (திருச்சி)

பதில்: கூடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்தபடி இயங்குகிறது. கார் ஆயில்கள் பலவற்றில் உள்ள உராய்வு குறைப்பான்கள் அதை வழுக்கச் செய்யும். டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருப்பதையே வாங்குங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு எம்பி தரம் ஏற்றது.

கேள்வி: கையேடு 0டபிள்யூ-20 என்கிறது. குளிர்காலம் மைனஸ் 20 வரை போகும் இங்கே 5டபிள்யூ-30 போதுமா? (டொரொன்டோ)

பதில்: 5டபிள்யூ மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கப்படுவதால் என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனாலும் கையேட்டை மீற வேண்டாம். 0டபிள்யூ-20 உங்கள் ஜனவரிக்கும் ஜூலைக்கும் சேர்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. விலகினால் எரிபொருள் சிக்கனம் குறையும், உத்தரவாதத்திலும் சிக்கல் எழலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் ஆயில் மூடியின் அடியில் பால் நிறப் பசை படிகிறது. கெட்டியான ஆயில் ஊற்றினால் நிற்குமா? (நாகர்கோவில்)

பதில்: நிற்காது, ஏனெனில் இது ஆயில் தரத்தைச் சார்ந்ததல்ல. கடைத்தெரு வரை மட்டும் ஓடித் திரும்பும் வண்டியில் என்ஜின் முழுதாகச் சூடேறாததால், உள்ளே படியும் ஈரம் ஆவியாக வெளியேற வழியில்லாமல் ஆயிலோடு கலக்கிறது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். கிலோமீட்டர் நிறையாவிட்டாலும் கையேடு சொல்லும் மாதக் கணக்கில் ஆயிலை மாற்றிவிடுங்கள். அளவுகோல் குச்சியில் ஒட்டும் ஆயிலே பால் நிறமாக இருந்தாலோ கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் இழுத்துச் சென்று காட்டுங்கள்.