பகுதியெண்கள் வேறுபடும்போது பின்னங்களைக் கூட்டுவதை எப்படி விளங்க வைப்பது?

ஆறாம் தரத்தில் படிக்கும் உங்கள் மகள் 1/6 + 2/9 என்ற கணக்குக்கு மேலே ஒன்றையும் இரண்டையும், கீழே ஆறையும் ஒன்பதையும் கூட்டி 3/15 என்று எழுதுகிறாள் என்றும், அது ஏன் பிழை என்று அவளுக்கு விளங்க வைக்க முடியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விதியைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னர் அந்த விடையையே அவள் ஒருமுறை சோதித்துப் பார்க்கட்டும். 3/15 ஐச் சுருக்கினால் 1/5 வரும். அது 2/10 க்குச் சமன். ஒன்றைப் பத்தாகப் பிரித்த துண்டு, ஒன்பதாகப் பிரித்த துண்டைவிடச் சிறியது என்பதால் 2/10 ஆனது 2/9 ஐவிடக் குறைவு. 2/9 உடன் இன்னொரு பங்கைச் சேர்த்த பிறகு விடை 2/9 ஐவிடக் குறைய முடியுமா என்று கேளுங்கள். அரையும் காலும் முக்கால் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவளுடைய முறைப்படி கூட்டினால் அது 2/6, அதாவது மூன்றிலொன்று ஆகிவிடும்.

கீழேயுள்ள பகுதியெண் துண்டின் அளவைக் குறிக்கிறது. மேலேயுள்ள தொகுதியெண் அத்தகைய துண்டுகள் எத்தனை என்பதைச் சொல்கிறது. ஆகவே துண்டுகள் ஒரே அளவாகும்வரை அவற்றைச் சேர்த்து எண்ண இயலாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதைக் காட்டுவதற்கு நம்முடைய காணி அளவையே நான் விரும்புவேன், ஏனெனில் காணி உறுதிகளில் நாம் காணும் வரகுப் பரப்பு என்ற நில அளவு ஒன்றுக்கு, குழி என்ற சிறிய அளவில் 18 குழி. அப்படியான ஒரு பரப்புத் தோட்டத்தின் 1/6 பங்கில் மிளகாயும் 2/9 பங்கில் வெங்காயமும் நட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சதுரக்கோட்டுக் கொப்பியில் மூன்று நிரையும் ஆறு நிரலுமாகப் பதினெட்டுச் சதுரங்களை அடைத்து ஒரு கட்டம் கீறி, ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு குழியாகக் கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நிரல் முழுவதும் நிறந்தீட்டினால் மூன்று குழி, அதுவே 1/6. பதினெட்டை ஒன்பதாகப் பங்கிட்டால் பங்குக்கு இரண்டு குழி வருவதால், 2/9 நான்கு குழி ஆகிறது. மொத்தம் ஏழு குழி, அதாவது 7/18.

இதையே எழுத்தில் செய்யும்போது 6 = 2×3, 9 = 3×3 எனக் காரணிப்படுத்தி, பொது மடங்குகளுட் சிறியதாக 2×3×3 = 18 ஐப் பெறுகிறோம். பின்னர் 1/6 இன் மேலும் கீழும் மூன்றாலும், 2/9 இன் மேலும் கீழும் இரண்டாலும் பெருக்கினால் 3/18, 4/18 என்ற சமவலுப் பின்னங்கள் கிடைக்கும். இரண்டு பகுதியெண்களையும் நேரே பெருக்கி 54 ஐ எடுத்தாலும் பிழையில்லை: 9/54 + 12/54 = 21/54; மூன்றால் சுருக்கினால் 7/18 தான். ஆனால் எண்கள் பெரிதாகும்போது சுருக்க மறந்துவிடும் பிள்ளைகள் பலர், ஆகையால் சிறிய பொது மடங்கைத் தேடும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்துவது நல்லது.

அடுத்ததாக 1/3 + 5/12 ஐக் கொடுங்கள். இங்கே 12 ஏ போதும், விடை 9/12, அதாவது 3/4. அதன் பிறகு பொதுக் காரணி இல்லாத 3/5 + 1/4 (விடை 17/20), கடைசியாக ஒன்றைத் தாண்டிக் கலப்பெண்ணாகும் 3/4 + 5/6. இதன் விடை 19/12, அதாவது ஒன்றும் 7/12 உம். ஒவ்வொன்றுக்கும் கணக்கைத் தொடங்குமுன் விடை ஒன்றைவிடக் கூடுமா குறையுமா என்று அவளையே சொல்லவிடுங்கள்.