அல்சைமர்: வல்லாரை, மஞ்சள், ஜிங்கோ கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 76. அல்சைமருக்கு டொனெபெசில், இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். வல்லாரைப் பொடி, மஞ்சள் கேப்ஸ்யூல், ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சத்து மாத்திரை கொடுத்தால் ஆங்கில மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறார் உறவினர் ஒருவர். சரியா?

பதில்: டொனெபெசிலை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜிங்கோவை வாங்கவே வேண்டாம். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும். பலனும் நிரூபணமாகவில்லை. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது; மறதிநோய் வருவதை ஜிங்கோ தடுக்கவில்லை.

செடிகளை நான் குறைத்துப் பேசவில்லை. அல்சைமருக்கு எழுதித் தரப்படும் கேலண்டமின், ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூச்செடியின் குடும்பம் தந்த மருந்துதான். 1950-களில் பல்கேரியாவில் நரம்பு நோய்களுக்குப் பயன்பட்டது. 2001-ல் அமெரிக்கா அல்சைமருக்கு அனுமதித்தது. நாளுக்கு 8 மி.கி.யில் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுத்திருந்து, 24 மி.கி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். இந்த அளவுக் கட்டுப்பாடு பொடியில் கிடைக்காது.

கேலண்டமின் செய்யும் வேலை, நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது. டொனெபெசிலும் அதையே செய்கிறது. 'ஞாபகசக்தி' கேப்ஸ்யூல்கள் சிலவற்றில் இருக்கும் ஹுப்பர்சைன்-ஏ என்ற சீனச் செடிச் சத்தும் அதேதான். டொனெபெசிலோடு இதுவும் சேர்ந்தால் குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். நாடித்துடிப்பு இறங்கி, பெரியவர் குளியலறையில் மயங்கி விழவும் கூடும். இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டப்பாவின் பின்பக்கம் இருக்கும் சின்ன எழுத்தைக் கட்டாயம் படியுங்கள்.

குழம்பில் போடும் மஞ்சள் அப்படியே தொடரட்டும். கேப்ஸ்யூல் வேறு விஷயம். மஞ்சளின் குர்குமின் உடலில் எளிதில் சேராது என்பதால் மிளகின் பைப்பரினைக் கலந்து விற்கிறார்கள். அது வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் உயர்த்தக்கூடும். இத்தகைய கேப்ஸ்யூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சிறிய சோதனைகளிலும் நினைவாற்றல் மேம்படவில்லை.

வல்லாரைத் துவையல் தாராளமாகக் கொடுங்கள். டொனெபெசில் சிலருக்குப் பசியைக் குறைத்துவிடும். துவையலின் ருசிக்காக இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டால் அதுவே லாபம். பொடி மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பி12, தைராய்டு பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்றும் கேளுங்கள். அவற்றின் குறைபாடும் மறதியைக் கூட்டும், அதைச் சரிசெய்யவும் முடியும்.