இறால் ஓடு, மீன் தோல், முட்டி வலி: வாசகர் கேள்விகள்

தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அது தெரிந்தோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் மீன் கழிவைப் பற்றியே நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் நாலை எடுத்துக்கொள்கிறேன்.

வாசகி, நாகர்கோவில்: என் மாமியாருக்கு 68 வயது. முட்டி வலிக்குக் குளுக்கோசமைன் மாத்திரை சாப்பிடுகிறார். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுத்தது என்று டப்பாவில் போட்டிருக்கிறது. நாம் குப்பையில் கொட்டுகிற ஓடா அது? அதில் வலி குறையுமா? எனக்கு இறால் தின்றால் தடிப்பு வரும், நானும் அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா?

அதே ஓடுதான். தலையும் ஓடுமாக இறாலின் எடையில் பாதிக்குப் பக்கம் உரிக்கும்போதே போய்விடும். அந்த ஓட்டில் முக்கியமாக இருப்பவை சுண்ணாம்பு, புரதம், கைட்டின் என்ற நார்ப்பொருள் ஆகிய மூன்றும்தான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் பொங்கி நுரைத்துச் சுண்ணாம்பு கரைந்துவிடும். அப்புறம் நீர்த்த காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் புரதம் கழன்று வரும். மிஞ்சுகிற வெளுத்த செதில்தான் கைட்டின். நன்றாகக் கழுவி உலர்த்தியதைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது, மீன் வாடையும் இருக்காது. அதை அடர்ந்த அமிலத்தில் சூடாக்கி உடைத்துப் படிகமாக்கினால் குளுக்கோசமைன்.

வலி குறையுமா என்பதற்கு வருவோம். மூட்டுக் குருத்தெலும்பைக் கட்டும் பொருள்களில் குளுக்கோசமைனும் ஒன்று. அதனால்தான் இந்த நம்பிக்கை பிறந்தது. அமெரிக்காவில் முட்டி மூட்டுத் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் 24 வாரம் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். குளுக்கோசமைன் மட்டும் சாப்பிட்டவர்களில் 100க்கு 64 பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 100க்கு 60 பேருக்குக் குறைந்தது. அந்த நாலு பேர் வித்தியாசத்தை மருந்தின் பலன் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள். வலி கடுமையாக இருந்தவர்களில், குருத்தெலும்பில் இருக்கும் இன்னொரு பொருளான காண்ட்ராய்ட்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அந்தப் பிரிவில் ஆட்கள் குறைவு என்பதால் அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஆகவே இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டும் மாமியாருக்குச் சுகம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அந்தக் காசை நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்குக் கொடுங்கள். தொடைத் தசைக்கான பயிற்சி முட்டிக்கு உதவும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அவர் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால், டாக்டரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

உங்கள் தடிப்புக்குக் காரணமான புரதம் இறாலின் சதையில் இருக்கிறது, ஓட்டின் கைட்டினில் இல்லை. ஆனாலும் ஓட்டோடு ஒட்டிய சதை முழுவதும் போய்விட்டதா என்று டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. மக்காச்சோளத்தைப் பூஞ்சையால் நொதிக்கவைத்து எடுக்கும் குளுக்கோசமைனும் கிடைக்கிறது. டாக்டர் சரி என்றால் அதை வாங்குங்கள்.

கல்லூரி மாணவர், புதுக்கோட்டை: தீக்காயத்துக்கு மீன் தோலை ஒட்டி ஆற்றுகிறார்களாமே, உண்மையா?

உண்மைதான் தம்பி. பிரேசிலில் ஃபோர்ட்டலேசா நகரத்து மருத்துவர்கள் செய்தது இது. அவர்கள் எடுத்துக்கொண்டது திலாப்பியா, நம் ஊர்க் குளத்தில் கிடைக்கும் ஜிலேபி மீன். சதையை எடுத்த பிறகு வீணாகப் போகும் அதன் தோலில் கொலாஜென் என்ற புரதம் நிறைய இருக்கிறது, ஈரப்பதமும் காக்கிறது. கிருமி நீக்கி, கிளிசராலில் பதப்படுத்தி, காமாக் கதிர் பாய்ச்சிய பிறகுதான் அதைப் புண்ணின் மேல் வைக்கிறார்கள். கட்டை அடிக்கடி பிரித்துக் கட்டும் வேதனை இதனால் குறைகிறது. தீக்காய வார்டில் கட்டு மாற்றும்போது எழும் அலறலைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஐஸ்லாந்தில் கெரிசிஸ் என்ற நிறுவனம் காட் மீனின் தோலில் இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்க அனுமதி 2013இல் கிடைத்தது. 2023இல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் என்ற நிறுவனம் கெரிசிஸை 130 கோடி டாலர் வரை விலை பேசி வாங்கியது.

இறால் ஓட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கைட்டினை அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். அதற்கு நேர்மின்னேற்றம், ரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு காயத்தின் வாயை அடைத்துவிடும். இப்படிச் செய்த கட்டுத்துணிக்கு 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அவர்களுடைய ராணுவம் அதைப் பயன்படுத்தியது. மீன் கழிவிலிருந்து வரும் மருந்துகளில் நான் முழு மனதோடு நம்புவது இந்த வகையைத்தான்.

ஒன்றை மட்டும் வீட்டிலும் சொல்லிவையுங்கள். சந்தையில் வாங்கிய மீனின் தோலை யாரும் புண்ணில் வைக்கக் கூடாது. சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

வாசகி, சென்னை: முகம் பொலிவு பெற மீன் கொலாஜென் பவுடர் வாங்கலாமா?

விழுங்கும் கொலாஜென் வயிற்றில் செரித்துத் துண்டு துண்டாகத்தான் உடம்பில் சேரும். நேரே கன்னத்துக்குப் போகாது. தோலின் ஈரப்பதம் கூடியதாகச் சொல்லும் சில ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் பவுடர் விற்பவர்களே. நானாக இருந்தால் வாங்கமாட்டேன். மீன் தலையையும் தோலையும் வீசாமல் குழம்பில் போடுங்கள்.

மகளிர் குழுத் தலைவி, தூத்துக்குடி மாவட்டம்: எங்கள் குழுவில் பாதிப் பேர் இறால் உரிக்கப் போகிறவர்கள். ஓட்டை லாரியில் அள்ளிப் போகிறார்கள். அதில் மருந்து இருக்கிறது என்கிறார்களே, நாங்களே கைட்டோசான் செய்து விற்க முடியுமா?

வேண்டாம் அக்கா. அதற்கு நூற்றுக்கு 40, 50 பங்கு காஸ்டிக் சோடாவைக் கொதிக்கக் கொதிக்கக் கையாள வேண்டும். ஒரு துளி தெறித்தால் கண் போய்விடும். வடியும் அமிலத் தண்ணீரையும் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விட முடியாது. அது முறையான ஆலைக்கு உரிய வேலை.

ஆனால் அந்த ஆலைக்கு என்ன தேவை என்று பாருங்கள். இறால் தலையில் செரிமானச் சுரப்பி இருக்கிறது. நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே அதன் நொதிகளும் கிருமிகளும் சேர்ந்து வேலையை ஆரம்பித்துவிடும். முதலில் புரதமும் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருளும் கெடும், நாளாக ஆகக் கைட்டினின் தரமும் இறங்கும். உரித்த இறாலுக்கு ஐஸ் போடுகிற அதே கையோடு ஓட்டுக்கும் போட்டு, தலையைத் தனியாகவும் உடல் ஓட்டைத் தனியாகவும் பிரித்து, மண்ணும் பிளாஸ்டிக்கும் சேராமல் கொடுத்தால் அது கூடுதல் விலை கேட்கத் தகுந்த சரக்கு. இதை ஷெட் முதலாளியிடம் குழுவாகப் போய்ப் பேசுங்கள். ஈரத்திலும் ஐஸிலும் நின்று விரல் புண்ணாகிறவர்கள் நீங்கள். ஓட்டின் விலையில் உங்களுக்கும் பங்கு வர வேண்டும் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

குழுவாகவே ஏதாவது தயாரிக்க ஆசை என்றால் மீன் அமிலத்தில் ஆரம்பியுங்கள். மீன் குடல், செதில், தலை இவற்றோடு சம எடை வெல்லம் சேர்த்து மூடிவைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் ஊறிப் பயிருக்குத் தெளிக்கும் உரமாகும். அடுப்பு வேண்டாம், ஆபத்தும் இல்லை, வாங்க விவசாயிகள் இருக்கிறார்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், முதலில் அங்கே போய்ப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். கைட்டோசான் எண்ணம் விடவில்லை என்றால் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு எழுதுங்கள், அதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்கள் அவர்கள். கடிதத்தில் ஒரு நாளைக்கு உங்கள் ஷெட்டில் எத்தனை கிலோ ஓடு விழுகிறது என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.